தோள் கொடுக்கலாம், பனியனைப் பிடிக்கக் கூடாது

பெரிய முதலியார்சாவடிக் கடற்கரையில் சாயங்காலம் பந்து ஆடும் பையன்களுக்கு ரெஃப்ரி கிடையாது. இரண்டு ஜோடிச் செருப்புதான் கோல் போஸ்ட். கடல் அரித்து அரித்து மணல் ஒடுங்கிவிட்டதால் ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டுதான் ஆட வேண்டும். அன்றைக்கு ஒருவன், முன்னால் ஓடியவனின் பனியனைப் பின்னாலிருந்து பிடித்துவிட்டான். தையல் விட்டுப்போனது.

"ஃபவுல்டா!"

"பந்தத்தான்டா பாத்தேன்!"

"பனியன்ல ஏதுடா பந்து?"

ஐந்து நிமிஷப் பஞ்சாயத்துக்குப் பிறகு கிழிந்த பனியன்காரன் பக்கமே தீர்ப்பானது. கிழிசல் கண்ணுக்குத் தெரிகிற சாட்சி அல்லவா.

இதே பையன்கள் சனிக்கிழமை ராத்திரி செல்போனில் இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்க்கிறார்கள். கார்னர் கிக் என்றால் போதும், கோல் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்து, தள்ளி, கீழே சாய்கிறார்கள். விசில் வருவதில்லை. "எங்கள்ள பனியனப் புடிச்சா ஃபவுல், அங்க ஆளையே தூக்குறான், ஏண்ணே ஒண்ணும் இல்ல?" என்று ஒரு பொடியன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

கால்பந்தில் மேலே படுவது குற்றமில்லை. பந்து எட்டும் தூரத்தில் இருக்கும்போது தோளோடு தோள் இடிப்பது முழுக்க முழுக்கச் சட்டப்படி சரி. குற்றங்களைப் பேசுவது ஆட்ட விதிகளின் 12ஆம் விதி. இடிப்பது, தள்ளுவது, உதைப்பது, காலை வாருவது எல்லாவற்றையும் அது மூன்று படியாகப் பிரிக்கிறது. கவனமில்லாமல் செய்தால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை. அளவுக்கு மீறிய பலத்தைக் காட்டி, அடுத்தவன் உடம்புக்கே ஆபத்தாக்கினால் சிவப்பு. எந்தப் படி என்று முடிவெடுக்க ரெஃப்ரிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நொடி.

பிடித்து இழுப்பதற்கு இந்தப் படிகள் இல்லை. அங்கே கேள்வி ஒன்றே ஒன்று: பிடித்ததால் அவன் நகர்வது தடைபட்டதா? கை பட்டிருந்தாலும் அவன் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் ஃபவுல் இல்லை. கார்னரில் பாதிப் பிடிகள் தப்புவது இந்தச் சந்தில்தான். இருவருமே பிடித்திருந்தால் யார் யாரைத் தடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ரெஃப்ரி கையை விரித்துவிட்டுப் போய்விடுவார்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. உதைத்த பந்து நகரும் வரை ஆட்டம் தொடங்கியதாகக் கணக்கில்லை. அதற்கு முன் யாரைக் கட்டிப் பிடித்தாலும் பெனால்டி கொடுக்க வழியில்லை. ரெஃப்ரி கார்னரை நிறுத்தலாம், இருவரையும் கூப்பிட்டு எச்சரிக்கலாம், அட்டையும் காட்டலாம். அவ்வளவுதான். அடிக்கடி விசில் ஊதி, கோல் வாசலுக்கு நடந்துபோய் விரலை ஆட்டிவிட்டு வருகிறாரே, அது இதற்குத்தான். பந்து நகர்ந்த பிறகும் பிடி விடவில்லை என்றால் பெனால்டி. பிடித்தது தாக்கும் அணிக்காரன் என்றால் ஃப்ரீ கிக் மறுபக்கம் போகும்.

தந்திரக்காரப் பயிற்சியாளர்கள் இதைக் கரைத்துக் குடித்தவர்கள். கோல்கீப்பரைச் சுற்றி மூன்று பேரை நிறுத்துவார்கள். யாரும் அவரைத் தொட மாட்டார்கள், ஆனால் அவர் கையைத் தூக்க இடம் இருக்காது. 2008இல் மேல் லீக்குக்கு வந்த ஸ்டோக் சிட்டியில் ரோரி டெலாப் பக்கக் கோட்டிலிருந்து வீசும் நீண்ட த்ரோ ஒவ்வொன்றும் கார்னர் மாதிரியே கோல் வாசலில் வந்து இறங்கும். கீழே நெட்டை ஆட்கள் முட்டி மோதுவார்கள். அழகான ஆட்டம் ஆடுகிற அணிகள் அங்கே போகவே அலுத்துக்கொண்டன. இப்போது அதே வித்தையை ஆர்சனல் போன்ற பெரிய அணிகள் தனிப் பயிற்சியாளரே வைத்துச் செய்கின்றன. குறை சொல்ல ஆள் குறைந்துவிட்டது.

இதைவிடக் கள்ளத்தனமான வழி, ஃபவுலைப் பங்கு போட்டுக்கொள்வது. எதிரணியின் நல்ல ஆட்டக்காரனை ஒருவனே ஐந்து தடவை சாய்த்தால் மஞ்சள் அட்டை வந்துவிடும். திரும்பத் திரும்பக் குற்றம் செய்வதே தனிக் குற்றம். ஐந்து பேர் ஆளுக்கு ஒரு தடவை சாய்த்தால்? ஒவ்வொன்றும் முதல் தப்பு. கூட்டிக் கழித்துப் பார்க்கிற ரெஃப்ரி மட்டும்தான் இதைப் பிடிப்பார்.

இங்கிலாந்து ஏன் இவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்றால், அது ஊர்ப் பழக்கம். 1958 எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் போல்டன் அணியின் நாட் லாஃப்ட்ஹவுஸ், பந்தைப் பிடித்திருந்த மான்செஸ்டர் யுனைடெட் கீப்பர் ஹாரி கிரெக்கைத் தோளால் இடித்துப் பந்தோடு கோலுக்குள் தள்ளினார். கோல் என்றே தீர்ப்பு. 1970இல் செல்சிக்கும் லீட்ஸுக்கும் நடந்த இறுதி மறு ஆட்டம் இன்னும் மோசம். முழங்கால், கழுத்து, மார்பு என்று எதையும் விட்டுவைக்காமல் உதைத்துக்கொண்டார்கள். ரெஃப்ரி எரிக் ஜென்னிங்ஸ் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதியது ஒரே ஒரு பெயர்.

அப்போது இங்கிலாந்தில் அட்டையே இல்லை. 1966 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா கேப்டன் ராட்டின் வெளியேற்றப்பட்டபோது மொழி புரியாமல் பெரிய ரகளை ஆனது. அதைப் பார்த்த நடுவர் கென் ஆஸ்டனுக்குக் காரில் போகும்போது சிக்னல் விளக்கைப் பார்த்துத் தோன்றிய யோசனைதான் மஞ்சளும் சிவப்பும். 1970 உலகக் கோப்பையில் அவை வந்தன. இங்கிலாந்து லீக் 1976இல் ஏற்றுக்கொண்டு, 1981இல் வேண்டாம் என்று கைவிட்டு, 1987இல் மறுபடி எடுத்துக்கொண்டது.

நம் நாட்டில் இந்தப் பேச்சு 2004 டிசம்பர் 5க்குப் பிறகு வேடிக்கையாக இல்லை. பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டம், டெம்போவுக்கும் மோகன் பகானுக்கும். டெம்போவின் பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் இரண்டாவது கோலைப் போடுகிற நேரத்தில் கீப்பர் சுப்ரதா பால் மீது மோதி விழுந்தார். எழவே இல்லை. பந்து கோலுக்குள் போனது, டெம்போ 2-0 என்று ஜெயித்தது, கோல் போட்டவர் இறந்துபோனார். 'அளவுக்கு மீறிய பலம்' என்ற சொல்லை விதிப் புத்தகத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆட்டம்தான் ஞாபகம் வரும்.

ரெஃப்ரியின் கண் பந்தோடு போகும், குற்றம் வேறெங்கோ நடக்கும். 2006 உலகக் கோப்பை இறுதியில் சினேதின் சிடான் இத்தாலியின் மார்கோ மாட்டராஸியைத் தலையால் முட்டியதை நடுவர் ஓராசியோ எலிசோந்தோ பார்க்கவில்லை. நான்காவது நடுவர் சொல்லித்தான் சிவப்பு அட்டை வந்தது. அந்தச் சண்டையும் தொடங்கியது மாட்டராஸி சிடானின் ஜெர்சியைப் பிடித்ததில்தான். அதே மாட்டராஸி 2014இல் நம் சென்னையின் எஃப்சிக்கு ஆடும் பயிற்சியாளராக வந்து, 2015இல் ஐஎஸ்எல் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். கோட்டோரம் கொடி பிடித்து ஓடும் துணை நடுவர்களின் கண்ணும் இதற்குத்தான் வேண்டும். தமிழகத்தைச் சேர்ந்த கே. சங்கர் 2002 உலகக் கோப்பையில் அந்தக் கொடியைப் பிடித்தவர்.

இப்போது வீடியோ நடுவர் இருக்கிறாரே என்று கேட்கலாம். பிரீமியர் லீக்கில் 2019-20 சீசனிலிருந்து இருக்கிறார். ஆனால் கோல், பெனால்டி, சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் போன்ற விஷயங்களில் வெளிப்படையான தவறு என்றால்தான் வாய் திறப்பார். ஆட்டம் முழுக்க நடக்கிற சில்லறைப் பிடிகளுக்கு அவரிடம் வேலை இல்லை. நம் ஐஎஸ்எல்லின் முதல் பத்து சீசன்களில் அந்த வசதியும் கிடையாது.

என்னைக் கேட்டால், முதல் கார்னரிலேயே ஒரு பெனால்டி கொடுத்துவிட வேண்டும். பத்தாவது கார்னரில் கொடுத்தால், ஒன்பது தடவை விட்டவர் இப்போது ஏன் ஊதினார் என்று ஸ்டேடியமே கத்தும். அந்தக் கத்தலுக்குப் பயந்தே பலர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கண்டிப்புக் காட்டுவோம் என்று சீசன் தொடக்கத்தில் அறிவிப்பார்கள். நாலு வாரத்தில் அது நீர்த்துப்போகும்.

ஆனாலும் அளவுகோல் நகராமல் இல்லை. 1970இல் ஒரே ஒரு பெயர் எழுதப்பட்ட அந்தச் செல்சி-லீட்ஸ் ஆட்டத்தை 1997இல் நடுவர் டேவிட் எல்லரே போட்டுப் பார்த்தார். ஆறு சிவப்பு அட்டை என்றார். 2020இல் மைக்கேல் ஆலிவர் பார்த்தார். அவர் கணக்கில் பதினொன்று.