செல்லுக்கு எந்தத் தரை?

செல் ஆய்வகத்தில் என் வேலை, செல்களுக்குத் தரை போடுவது. அக்ரிலமைடு, பிஸ்-அக்ரிலமைடு என்று இரண்டு கரைசல்கள். எதை எவ்வளவு கலக்கிறேன் என்பதைப் பொறுத்து ஜெல் தொளதொளவென்றும் வரும், விறைத்தும் வரும். உறையாத அக்ரிலமைடு நரம்புக்கு விஷம். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. உறைந்த பிறகும் வெறும் ஜெல்லில் செல் ஒட்டாது. பிணைப்பு ரசாயனம் ஒன்றைப் பூசி, புற ஊதா ஒளி காட்டி, அதன் மேல் கொலாஜன் என்ற புரதத்தை ஒட்டவைத்தால்தான் உட்காரும்.

எதற்கு இவ்வளவு பாடு என்று வீட்டில் கேட்பார்கள். செல் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, காலடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது என்பேன். தசையைச் சுருக்கும் ஆக்டின், மயோசின் வகைப் புரதங்கள்தான் தோல் செல்லுக்குள்ளும் இந்த வேலையைச் செய்கின்றன. தரை இளகிக் கொடுத்தால் செல் ஒரு விதமாகவும், கொடுக்காவிட்டால் வேறு விதமாகவும் நடந்துகொள்கிறது.

இந்த இழுப்பைக் கண்ணால் பார்க்க வைத்தவர் அமெரிக்காவின் ஆல்பர்ட் ஹாரிஸ். சிலிக்கோன் எண்ணெயின் மேல் ஒரு கணம் தீச்சுடரைக் காட்டினார். மேலே மெல்லிய தோல் படிந்தது. அதில் செல்களை விட்டார். பாலாடையை விரல் நுனியால் இழுத்தால் சுருங்குமே, அப்படி ஒவ்வொரு செல்லின் அடியிலும் சுருக்கம் விழுந்தது. அது வெளியான ஆண்டு 1980.

2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் டிஷரும் ஆடம் எங்ளரும் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களில் வளர்த்தார்கள். ஊட்டக் கரைசல் எல்லாவற்றுக்கும் ஒன்றே. விறைப்பை அளக்கும் அலகான கிலோபாஸ்கலில் 1-க்குள் இருந்த ஜெல்லில் நரம்புச் செல்லின் சாயல். 10 வாக்கில் தசை. 30-ஐத் தாண்டினால் எலும்பு. மயோசினை முடக்கும் மருந்தைக் கொடுத்ததும் இந்த வித்தியாசம் போய்விட்டது. இழுக்க முடியாத செல்லுக்குத் தரையின் தன்மை தெரிவதில்லை. ஸ்டெம் செல் முழு நரம்புச் செல்லாகவே மாறிவிட்டது என்று எழுதுகிறார்கள், அது மிகை. வடிவமும் சில மரபணுக்களின் செயல்பாடும் அந்தப் பக்கம் திரும்பின, அவ்வளவுதான்.

இழுவிசையை எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால் ஜெல்லில் ஒளிரும் நுண்மணிகளைக் கலந்துவிடுகிறோம். ஒரு மணி, மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குதான். செல் படர்ந்திருக்கும்போது மைக்ரோஸ்கோப்பில் ஒரு படம். பிறகு புரதத்தை வெட்டும் டிரிப்சின் நொதியை ஊற்றுவோம். பிடி ஒவ்வொன்றாக விட்டுப்போய், செல் உருண்டு மிதக்கும். இழுபட்டிருந்த மணிகள் பழைய இடத்துக்குத் திரும்பும். இன்னொரு படம். மணி நகர்ந்த தூரத்தையும் ஜெல்லின் விறைப்பையும் வைத்துக் கணினி விசையைச் சொல்லும். ஒரு பிடிக்குச் சில நானோநியூட்டன். டிரிப்சின் ஊற்றும்போது மைக்ரோஸ்கோப் மேடை துளி அசைந்தாலும் இரண்டு படங்களும் பொருந்தாது. அந்த நேரத்தில் கதவைத் திறக்கிறவர் அன்று வசவு வாங்காமல் போனதில்லை.

இதற்கும் நம் உடம்புக்கும் என்ன? கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தவர்களின் ரிப்போர்ட்டிலும் இதே கிலோபாஸ்கல் அலகுதான் இருக்கும். நல்ல கல்லீரல் பெரும்பாலும் 7-க்குக் கீழே. கல்லீரல் தழும்பேறிப்போகும் சிரோசிஸ் வந்தால் பெரும்பாலும் அதைப்போல் சுமார் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ போகும். தழும்பு விழுவதால் கல்லீரல் இறுகுகிறது என்பது பாதி உண்மை. 2007-இல் வெளியான எலி ஆய்வில் கல்லீரல் முதலில் விறைத்தது. தழும்பு நார் பிறகுதான் சேர்ந்தது. வைட்டமின் ஏ-வைச் சேமித்துவைக்கும் ஸ்டெல்லேட் செல், தரை இறுகியதும் நார் சுரக்கத் தொடங்குகிறது. நார் சேரச் சேரத் தரை மேலும் இறுகுகிறது.

இதே செல்லை எடுத்துச் சாதாரண பிளாஸ்டிக் டிஷ்ஷில் போட்டால், நோய் எதுவும் இல்லாமலே சில நாளில் நார் சுரக்க ஆரம்பித்துவிடும். டிஷ் செய்யும் பாலிஸ்டைரீனின் விறைப்பு சுமார் 30 லட்சம் கிலோபாஸ்கல். அதில் மருந்தைச் சோதித்துவிட்டு, மனிதரிடம் ஏன் பலிக்கவில்லை என்று கேட்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மென்மையான ஜெல் பூசிய தட்டுகள் இப்போது விலைக்கே கிடைக்கின்றன. ஆனால் பிளாஸ்டிக்கைவிட விலை மிக அதிகம் என்பதால் பலரும் பழைய டிஷ்ஷையே ஆர்டர் செய்கிறார்கள்.