வந்த பணம் எங்கே போனது?

சனிக்கிழமை சம்பள நாள். பல வீடுகளில் அன்றுதான் சண்டை நாளும். "கூலி எங்கே?" என்று மனைவி கேட்கிறார். "வந்தது, போச்சு" என்கிறார் கணவர். சில வீடுகளில் இதுவே தலைகீழாக நடக்கிறது. கணவர் கொடுத்த பணம் தவணைப் புடவைக்கும், யாருக்கும் தெரியாமல் வாங்கிய கடனுக்கும் போய்விடுகிறது. யார் செய்தாலும் முடிவு ஒன்றுதான். புதன்கிழமை அரிசி இருக்காது. பிள்ளைக்குப் பேருந்துக்குக் காசு இருக்காது.

இதை எப்படிச் சமாளிப்பது? சண்டை போட்டால் தீருமா? வாய் மூடி இருந்தால் தீருமா? இரண்டிலும் தீராது. வேறு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கணக்கு

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் கொத்தனார். நாளுக்கு 900 ரூபாய் கூலி. வாரம் 5 நாள் வேலை. 4,500 ரூபாய் வருகிறது. மனைவி சித்தாள் வேலைக்குப் போகிறார். நாளுக்கு 300 ரூபாய். 5 நாளுக்கு 1,500 ரூபாய். இருவருக்கும் சேர்த்து வாரம் 6,000 ரூபாய்.

வீட்டுச் செலவு வாரத்துக்கு எவ்வளவு?

அரிசி, மளிகை, காய்கறி: 1,800
வாடகை: 750
பிள்ளைகள் படிப்பு, பேருந்து: 300
கேஸ், கரண்டு: 350
மருந்து: 200
கடன் தவணை: 800
மொத்தம்: 4,200

வரவு 6,000. செலவு 4,200. மிச்சம் இருக்க வேண்டும். ஆனால் கணவர் வீட்டுக்குக் கொடுப்பது 2,500 ரூபாய்தான். மனைவியின் 1,500 ரூபாயையும் சேர்த்தால் 4,000. வாரா வாரம் 200 ரூபாய் துண்டு விழுகிறது. அந்த 200 ரூபாயை மனைவி வட்டிக்கு வாங்குகிறார். ஒரு வருடத்துக்கு 52 வாரம். 10,400 ரூபாய் புதுக் கடன். வட்டி தனி.

கணவர் கையில் நின்ற 2,000 ரூபாய் எங்கே போனது? குடிக்கு 1,000. பீடி, டீ 350. செல்போனில் பணம் கட்டி ஆடும் சீட்டாட்டம் 350. கூட்டாளிக்குக் கைமாற்று 300. திரும்பி வராத கைமாற்று அது. குடிக்குப் போகும் 1,000 ரூபாயை மட்டும் 52 வாரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். 52,000 ரூபாய்!

இந்தக் கணக்கை வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எழுதிக் காட்ட வேண்டும். ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் வரவு. வலது பக்கம் செலவு. ஒரு மாதம் தினமும் எழுதுங்கள். ஒரு ரூபாயையும் விடாதீர்கள். உங்கள் செலவையும் எழுதுங்கள். வெற்றிலை பாக்கு, பூ, சீட்டுப் பணம் எல்லாம் அதில் வரட்டும். நம் செலவை மறைத்துவிட்டு மற்றவர் செலவைக் கேட்டால் பேச்சு எடுபடாது.

எப்படிப் பேசுவது?

நேரம் பார்த்துப் பேச வேண்டும். குடித்து வந்த இரவில் பேச வேண்டாம். மாமியார், மச்சான், அக்கம்பக்கத்தார் முன்னால் பேச வேண்டாம். பிள்ளைகள் முன்னால் திட்ட வேண்டாம். காலையில் தெளிவாக இருக்கும்போது நோட்டை எடுத்து வையுங்கள்.

"நீங்க குடிச்சே அழிச்சிட்டீங்க" என்று தொடங்கினால் அவர் எழுந்து போய்விடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஏங்க, இந்த நோட்டைக் கொஞ்சம் பாருங்க. வாரம் 200 ரூபா துண்டு விழுது. நான் வட்டிக்கு வாங்கித்தான் ஓட்டுறேன். ஆனி மாசம் புள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும். எப்படிக் கட்டலாம், நீங்களே சொல்லுங்க."

யோசனை கேட்டால் கோபம் குறையும். குற்றம் சொன்னால் கோபம் கூடும். கணவர் மனைவியிடம் பேசும்போதும் இதே முறைதான். "உனக்குச் செலவு பண்ணத்தான் தெரியும்" என்று சொல்லக் கூடாது. "எவ்வளவு கடன் இருக்குன்னு சொல்லும்மா, சேர்ந்து அடைப்போம்" என்று சொன்னால் ஒளித்து வைத்த கடனும் வெளியே வரும்.

பங்கு பிரித்து வையுங்கள்

சம்பளம் வந்த அன்றே பிரிக்க வேண்டும். மிஞ்சினால் சேமிப்போம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது. அந்தக் குடும்பத்தின் 6,000 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம்:

வீட்டுச் செலவு: 4,200
பழைய கைக்கடன் அடைக்க: 300
சேமிப்பு: 300
கணவர் கைச்செலவு: 900
மனைவி கைச்செலவு: 300

கைச்செலவுப் பணத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டாம். அது அவரவர் விருப்பம். ஆனால் அது தீர்ந்தால் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். வீட்டுப் பணத்தில் கை வைக்கக் கூடாது. ஒரே நாளில் 2,000 ரூபாயை நிறுத்து என்றால் யாரும் கேட்பதில்லை. 900 ரூபாய்க்கு இறங்குவது முதல் படி. பிறகு இன்னும் குறைக்கலாம். ஒரு பண்டிகை வாரம் திட்டம் உடைந்து போகலாம். அதற்காகக் கைவிட வேண்டாம். அடுத்த வாரம் மீண்டும் தொடங்குங்கள்.

வட்டியைப் பாருங்கள்

ஐந்து வட்டி என்கிறோம். 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய். 10,000 ரூபாய் வாங்கினால் மாதம் 500 ரூபாய் வட்டி. வருடத்துக்கு 6,000 ரூபாய். அதைக் கட்டிய பிறகும் அசல் 10,000 அப்படியே நிற்கும். அதே பணத்தை மகளிர் குழுவில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் வருடத்துக்கு 2,400 ரூபாய். 3,600 ரூபாய் மிச்சம். ஆகவே ஊதாரிச் செலவால் வந்த பழைய கடனில், வட்டி கூடிய கடனை முதலில் அடையுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

நீங்கள் இப்போது படிக்கிறீர்கள். கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது. இந்தப் படிப்பு இங்கேதான் உங்களைக் காப்பாற்றும்.

கணவர் தன் பெயரில் மட்டும் வாங்கிய கடனுக்கு மனைவி பொறுப்பு அல்ல. மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் பொறுப்பு உண்டு. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பொறுப்பு உண்டு. மனைவியின் கடனுக்கும் இப்படித்தான்.

குழுக் கடனில் இன்னும் கவனம் தேவை. கடன் மனைவியின் பெயரில் வரும். பணத்தைக் கணவர் வாங்கிச் செலவு செய்துவிடுவார். தவணை கேட்டு வருபவர்கள் மனைவியிடம்தான் வருவார்கள். "பணம் அவர் எடுத்துக்கிட்டார்" என்று சொன்னால் செல்லாது. ஆகவே மூன்றை நினைவில் வையுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்காமல் போடாதீர்கள். எதற்காகக் கடன் என்று தெரியாமல் போடாதீர்கள்.

உங்கள் பெயரில் ஒரு கணக்கு

சமையலறை டப்பாவில் வைத்த பணம் கண்ணில் படும். கையிலும் படும். வங்கியில் வைத்த பணத்தை எடுக்க ஒருவர் நடந்து போக வேண்டும். அதற்குள் ஆசை ஆறிவிடும். 2014 ஆகஸ்டு 28 அன்று பிரதம மந்திரி ஜன் தன் திட்டம் தொடங்கியது. அதில் பணம் எதுவும் கட்டாமலே வங்கிக் கணக்குத் தொடங்கலாம். அஞ்சலகத்திலும் சேமிப்புக் கணக்கு உண்டு. உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு இருக்கட்டும். ஏ.டி.எம். அட்டையின் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். வீட்டில் உள்ளவரிடமும்தான்.

நெல்லூர்ப் பெண்கள் செய்தது

ஆந்திரப் பிரதேசத்தில் நெல்லூர் மாவட்டம் இருக்கிறது. அங்கே 1990-ல் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. கிராமத்துப் பெண்கள் இரவில் படிக்க வந்தார்கள். அவர்கள் படித்த பாடத்தில் சாராயத்தால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதை இருந்தது. "இது நம் வீட்டுக் கதை அல்லவா?" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கூலிப் பணம் வீடு வந்து சேராதது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல, ஊர்ப் பிரச்சினை என்று புரிந்தது.

தூபகுண்டா என்ற ஊரில் பெண்கள் ஒன்றுசேர்ந்து சாராயக் கடையை மூடவைத்தார்கள். 1992-ல் இது மற்ற ஊர்களுக்கும் பரவியது. சாராயக் கடை ஏலங்களைப் பெண்கள் தடுத்தார்கள். 1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்தில் சாராயத்துக்குத் தடை வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது. 1997-ல் அரசு முழு மதுவிலக்கைத் தளர்த்திவிட்டது.

சட்டம் வந்தது, மாறியது. பெண்கள் கற்றது மாறவில்லை. சாராயம் ஒழிந்த ஊர்களில் அவர்கள் நாளுக்கு ஒரு ரூபாய் சேமிக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பொதுபு லட்சுமி என்று பெயர். பொதுபு என்றால் தெலுங்கில் சேமிப்பு. சிறு துளி பெரு வெள்ளம் ஆனது. இந்தியா முழுவதும் சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு வங்கி தொடங்கியதும் 1992-ல்தான். இன்று நம் ஊர்க் குழு வங்கிக் கடன் வாங்குகிறது என்றால் அதன் தொடக்கம் அங்கே இருக்கிறது.

தனியாகச் சொன்னால் கேட்காத கணவர் ஊரே கேட்டால் கேட்பார். உங்கள் குழுவில் இதைப் பேசுங்கள்.

பழக்கம் நோயாக இருந்தால்

சிலருக்குக் குடி விட முடியாத நோய் ஆகிவிடும். அதற்குத் திட்டு மருந்து அல்ல. அரசு மருத்துவமனையில் கேளுங்கள். போதைப் பழக்கம் விட உதவும் 14446 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். செல்போனில் பணம் கட்டி ஆடும் ஆட்டமும் இப்படிப்பட்டதுதான். அதனால் பல குடும்பங்கள் அழிந்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதைத் தடை செய்து சட்டம் இயற்றியது.

பேசியும் கேட்காமல் அடித்தால்?

அடி வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க வேண்டாம். அதற்குச் சட்டம் இருக்கிறது. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பெண்களைக் காக்கிறது. அடிப்பது மட்டும் வன்முறை அல்ல. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் வன்முறைதான். மனைவியின் நகையை அவர் சம்மதம் இல்லாமல் விற்பதும் அப்படித்தான். தாய்வீடு போட்ட நகை மனைவியின் சொத்து. சீதனம் என்று சட்டம் சொல்கிறது. அதை எடுத்து அடகு வைக்கக் கணவருக்கு உரிமை இல்லை.

ஆபத்து என்றால் பெண்கள் 181 எண்ணை அழைக்கலாம். வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லையா? எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. ஏழை ஆண்களுக்கும் உண்டு. நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். அல்லது 15100 எண்ணுக்குப் பேசுங்கள். இந்த மூன்று எண்களையும் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் வீட்டுக்கு வாரம் எவ்வளவு வருகிறது? எவ்வளவு செலவாகிறது? எழுதிப் பாருங்கள்.
2. மாதம் 500 ரூபாய் வீண் செலவு என்றால் வருடத்துக்கு எவ்வளவு?
3. 5,000 ரூபாய்க்கு ஐந்து வட்டி என்றால் 6 மாதத்துக்கு வட்டி எவ்வளவு?
4. உங்கள் பெயரில் எத்தனை கடன் இருக்கிறது? அந்தப் பணத்தை யார் செலவு செய்தார்கள்?
5. நெல்லூர்ப் பெண்களைப் போல் நம் ஊரில் என்ன செய்யலாம்?