இருபத்தாறாம் நாள்

நிக்கோபார்த் தீவுகளின் தென்கோடியில், பெரிய நிக்கோபாரின் கீழைக்கரையில் உள்ளது கேம்பல் பே. 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பல மாநிலங்களிலிருந்தும் இங்குக் குடியேற்றப்பட்டன. தமிழரும் அவர்களுள் உண்டு. இவ்வூராருக்கு டிசம்பர் 26 இன்ன நாளென்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2004-ஆம் ஆண்டு அந்நாளில், ஞாயிறு காலை 6 மணி 28 நிமிடத்திற்கு நிலம் நடுங்கியது. பின்னர்க் கடல் ஏறி வந்தது. தீவின் தென்முனையாகிய இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது.

சரியாக ஓராண்டு முன்னர், 2003 டிசம்பர் 26 அன்று, ஈரானில் பாம் நகரம் நிலநடுக்கத்தால் இடிந்து, 26,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குஜராத்தில் புஜ் குலுங்கியது 2001 ஜனவரி 26. அந்தமானை உலுக்கிய பழைய பெருநடுக்கம் 1941 ஜூன் 26. இவற்றை அடுக்கிப் பார்ப்போர், இருபத்தாறாம் நாளே ஆகாத நாள் என்பர். அடிபட்ட மனம் இவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் இக்கணக்கைச் சோதித்துப் பார்ப்போம்.

உலகில் 7 அளவையும் அதனை விஞ்சியதுமான நிலநடுக்கங்கள் ஆண்டொன்றுக்குச் சராசரி 15 நிகழ்கின்றன, நூறாண்டில் 1,500. இருபத்தாறாம் நாளோ ஆண்டுக்கு 12 முறை வருவது. ஆதலின், எக்காரணமும் இன்றியே, நூறாண்டில் ஏறத்தாழ 50 பெருநடுக்கங்கள் அந்நாட்களில் விழுந்தே தீரும். பதினேழாம் நாளுக்கும் இதே கணக்குத்தான். அதனை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை! கார் நிக்கோபாரில் நடுங்கி, வங்கக் கடலெங்கும் அலை எழுப்பிய 1881-ஆம் ஆண்டு நிகழ்ச்சி டிசம்பர் 31-இல் நேர்ந்தது. ஆகாத நாட்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் கடிகாரத்தில் 26-ஆம் நாள் காலையாக இருந்தபோது, நியூயார்க் நகரில் 25-ஆம் நாள் இரவு 8 மணி கூட ஆகவில்லை. பாம் நகரம் இடிந்தபோதும் அங்கு 25-ஆம் நாள் இரவே. நாளும் தேதியும் மனிதன் வகுத்தவை. பூமியின் அடியில் பாறைத் தட்டுகள் நூற்றாண்டுக் கணக்கில் அழுத்தம் சேர்த்து, தாங்காதபோது நழுவுகின்றன. அவை பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

மனிதர் தேர்ந்தெடுத்த நாட்களோ வேறு வகை. 1930 ஜனவரி 26-இல் முழு விடுதலை நாள் கொண்டாடப்பட்டது. அதன் நினைவாகவே 1950-இல் குடியரசுக்கு அந்நாள் குறிக்கப்பட்டது. அங்கே பொருத்தத்திற்குக் காரணம் உண்டு.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2 மணியளவில் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் கடலடி நிலம் அதிர்ந்தது. தட்டுகள் பக்கவாட்டில் நழுவியமையால் பேரலை எழவில்லை. ஐதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் இயங்கும் எச்சரிக்கை நிலையம் இத்தகைய நடுக்கங்களைச் சில நிமிடங்களில் கணிக்கிறது. ஆனால் கேம்பல் பே போன்று நடுக்கத்தின் அருகிலேயே உள்ள ஊருக்கு அந்நிமிடங்களும் அரியவை. நிற்க முடியாதபடி நிலம் நெடுநேரம் ஆடினாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், சங்கொலிக்குக் காத்திராமல் மேட்டுநிலம் ஏறுதல் வேண்டும். ஏறியபின் மணிக்கணக்கில் அங்கேயே தங்குதல் வேண்டும். முதல் அலையே பெரிய அலையென்று கொள்வதற்கில்லை.