இசைச் சுருக்கம்

சென்னை மாநகரின் வடபகுதியில், ஒருபுறம் கடலும் ஒருபுறம் இருப்புப்பாதையும் சூழ அமைந்த ஊர் காத்திவாக்கம். அவ்வூர் இரயில் நிலையத்தில் இருவர் நின்று உரையாடுகின்றனர். கும்மிடிப்பூண்டி நோக்கி வண்டியொன்று பேரிரைச்சலுடன் விரைகின்றது. அப்பொழுது ஒருவருடைய உதடுகள் அசைவதை மற்றவர் காண்கின்றார், சொற்களையோ கேட்டிலர். பேசியவர் குரலைத் தாழ்த்தவில்லை. காற்று அக்குரலைச் சுமந்துகொண்டுதான் வந்தது. ஆயினும், பேரொலி சிற்றொலியை மறைத்துவிட்டது. இதனை ஒலி மறைப்பு என்பர். மறைக்கும் ஒலியும் மறையும் ஒலியும் சுருதியில் நெருங்கியிருப்பின் மறைப்பு மிகும். பேரொலி நின்ற பின்னரும் நொடியின் சிறு பகுதியளவு அம்மறைப்பு நீடிக்கும்.

செவியின் இவ்வியல்பே இன்று கைபேசியில் நாம் கேட்கும் இசைக்கு அடிப்படையாகும்.

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் இசை எண்களாகப் பதிவு செய்யப்பெற்றது. ஒரு நொடி ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளால் குறித்தனர். இடம், வலம் என வழி இரண்டாதலின், நொடியொன்றுக்கு 14,11,200 பிட்டுகள் வேண்டியிருந்தன. நான்கு நிமிடக் கீர்த்தனைக்கு நான்கு கோடிக்கு மேற்பட்ட பைட்டுகள்! தொலைபேசிக் கம்பி வழியே இத்துணைப் பெருஞ்சுமையை அனுப்புதல் அக்காலத்தில் எளிதன்று.

ஜெர்மனி நாட்டு எர்லாங்கன் நகரில், பிரான்ஹோபர் ஆய்வு நிலையத்தைச் சார்ந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலிய அறிஞர்கள் இதற்கு வழி தேடினர். செவிக்குப் புலப்படாமல் மறையும் பகுதிகளை முழுநுட்பத்துடன் குறித்து வைப்பானேன் என்று அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணத்தின் பயனே எம்.பி.3 என்னும் முறை. அதன் நியமம் 1993-இல் வெளியாயிற்று. நொடிக்கு 1,28,000 பிட்டுகள், அஃதாவது குறுந்தகட்டின் பதினொன்றில் ஒரு பங்கே, அதில் பெரிதும் வழங்கலாயின.

பக்கவாத்தியம் ஏதுமின்றிச் சூசன் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி பாடிய 'டாம்ஸ் டைனர்' என்ற பாடலை அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டனர். தொடக்கத்தில் அக்குரல் கெட்டு ஒலித்தது. பல கருவிகள் முழங்கும் இசையில் ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். தனிக்குரலுக்கோ அத்தகைய திரை இல்லை. தம்பூரா மட்டும் துணைநிற்கப் பாடப்பெறும் ஆலாபனையும் இத்தன்மையதே. ஆகவே, ஆரவாரம் மிக்க இசையைக் காட்டிலும் நம் அமைதியான இசையே மிகுந்த சுருக்கத்தால் எளிதில் ஊறுபடும்.

காத்திவாக்கத்திற்கு அண்மையிலுள்ள திருவொற்றியூரில் வாழ்ந்தவர் வீணை குப்பையர். அவர்தம் ஆசிரியராகிய தியாகராசர் அவ்வூர் அம்மையின்மீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். அவ்வீணையை இங்கே நினைத்தல் தகும். வீணை, தம்பூரா ஆகியவற்றின் அகன்று வளைந்த குதிரையே அவற்றின் நாதத்தில் மேல் இசைக்கூறுகளை மிகுவிக்கின்றது என்று சர் சி. வி. இராமன் 1921-இல் விளக்கினார். தந்தியை மீட்டியபின் ஓசை தேயும்போது வீணைக் கலைஞர் அதனை இழுத்துக் கமகம் காட்டுவார். வரம்பு மீறிய சுருக்கத்தில், தேயும் ஓசையின் நுண்கூறுகளே முதலில் உதிர்கின்றன.

மிருதங்கத்திற்கு நேரும் ஊறு வேறு. ஒலியைச் சிறு சிறு காலத் துண்டங்களாகப் பகுத்தே எம்.பி.3 சுருக்குகின்றது. ஒரு துண்டத்தின் நடுவில் 'தீம்' எனும் சொல் திடீரெனப் பிறப்பின், சுருக்கத்தால் விளையும் பிழையொலி அத்துண்டம் முழுவதும் பரவும். அதனால் அடி விழுமுன்னரே மெல்லிய இரைச்சல் எழும். அடியின் கூர்மை மழுங்கும். எதிரொலி முன்னே வர, ஒலி பின்னே வருதல் விந்தையன்றோ!

எனினும், சுருக்கம் யாவும் தீது எனக் கூறுதல் முறையாகாது. நொடிக்கு 3,20,000 பிட்டுகள் அளித்தால், பயின்ற செவியினரும் வேறுபாடு காண்பது அரிது. ஓடும் வண்டியில் அமர்ந்து கேட்பவர்க்கு 1,28,000 பிட்டுகளே போதும். எஞ்சிய குறையைச் சக்கரத்தின் ஓசை மறைத்துவிடும்.

மற்றொரு வகைச் சுருக்கமும் உண்டு. 2001 முதல் வழங்கும் பிளாக் என்னும் முறை எதனையும் விலக்குவதில்லை. சூத்திரம் போல் செறித்து வைத்து, வேண்டும்போது முழுமையாக விரித்துத் தருகின்றது. ஆயின், அது ஏறத்தாழப் பாதியளவே குறைக்கும். எம்.பி.3 பொழிப்புரை போன்றது. பொழிப்புரையைக் கொண்டு மூலச் செய்யுளை மீட்டெழுத இயலுமோ? எம்.பி.3 கோப்பினைப் பிளாக்காக மாற்றினால் அதன் பருமன் பெருகும். நீங்கிய நாதம் திரும்பாது. அதனையே மீண்டும் எம்.பி.3 ஆகச் சுருக்கினால், முந்திய பிழையின்மேல் புதிய பிழையும் சேரும். பழம்பெரும் வித்துவான்களின் இசைத்தட்டுகளையும் நாடாக்களையும் எண்வடிவாக்குவோர் முதற்படியைச் சுருக்காமலோ பிளாக் முறையிலோ வைத்துக்கொண்டு, பிறர்க்கு அனுப்பும் படியை மட்டும் எம்.பி.3 ஆக்குவது இதுபற்றியே.