விழுந்த மரமும் வீட்டுத் தளபாடமும்

நெடுந்தீவின் நிலம் முருகைக்கல்லின்மேல் மெல்லியதாய்ப் பரந்த மண்ணையுடையது. ஆதலின் அங்குள்ள மரங்கள் பலவற்றின் வேர்கள் ஆழச் செல்ல இடமின்றிப் பக்கங்களிற் படர்கின்றன. மாரி மழையால் மண் இளகிய வேளையிற் பெருங்காற்றும் சேர்ந்து வீசுமாயின், வேப்பமும் பூவரசும் வேரோடு சாய்கின்றன. முதிர்ந்த பனைகளும் சில வேளைகளில் வீழ்கின்றன. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலையும், 2008 நவம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டை வெள்ளக்காடாக்கிய நிஷா புயலையும் நம்மவர் மறந்திரார். இவ்வாறு வீழ்ந்த மரங்களுட் பெரும்பாலானவை அடுப்புக்குப் போகின்றன. எஞ்சியவை வளவின் மூலையிற் கிடந்து உக்குகின்றன. வன்னியிலுள்ள முதிரையும் பாலையும் இத்தீவில் இல்லை. ஒரு பலகை வேண்டுமாயினும் அது குறிகட்டுவானிலிருந்து படகேறி வருதல் வேண்டும். அங்ஙனமிருக்க, கையிலுள்ள நல்ல மரத்தை உக்கவிட்டு, விலைகொடுத்து வாங்கிய பிளாத்திக்குக் கதிரையில் அமர்தல் பொருத்தமுடைய செயலன்று.

மரத்தை உடனே அகற்ற வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. கமக்காரர் முதலிற் கருதவேண்டியது இதுவே. உக்கிய பனங்குற்றியும் தென்னங்குற்றியும் காண்டாமிருக வண்டின் பிறப்பிடங்கள். இவ்வண்டு உக்கல் மரத்தில் முட்டையிடும்; புழுக்கள் அதனையே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஆறு மாத காலத்தில் வண்டாகி வெளிவரும். வெளிவந்த வண்டு இரவிற் பறந்து, நிற்கும் மரங்களின் வட்டினுட் புகுந்து, விரியாத குருத்தைக் குடையும். பின்னர் அக்குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் நறுக்கியதுபோலத் தோன்றுவதை யாவரும் கண்டிருப்பர். குடைந்த புண் வழியே செவ்வண்டும் நுழையுமாயின் மரத்தைக் காப்பது அரிது. ஆகவே மாரியில் வீழ்ந்த மரம் அடுத்த சோளகக் காற்று எழுமுன் கிழிக்கப்பட்டு நிழலில் அடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமெனப் பெருந்தொகையான பனைகளை இழந்த வடபகுதியில், எஞ்சியவற்றை வண்டுக்குக் கொடுக்க இயலாது.

இக்குறிப்பு வீழ்ந்த மரத்துக்கு மட்டுமே உரியது. நிற்கும் பனையைத் தறித்தற்கு உரிய அனுமதி வேண்டும். வீழ்ந்த மரத்தையும் வளவைவிட்டு வெளியே கொண்டுசெல்வதாயின் முன்னரே கிராம உத்தியோகத்தரிடம் கூறி, நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்வது நன்று. கரையோரக் கண்டற் காட்டு மரங்களைத் தொடலாகாது. அவற்றுள் தில்லை மரத்தின் பால் கண்ணிற் பட்டாற் பார்வைக்குக் கேடு விளைக்கும். காய்ந்த கட்டையாயினும் அதனை வீட்டுக்குக் கொண்டுவரற்க. பெயர்பெற்ற பெருக்கமரத்தைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அதன் உடல் பருத்திருப்பினும் உள்ளே பஞ்சு போன்றது. தளபாடத்துக்கு எவ்வகையிலும் உதவாது. அது நின்று பார்ப்பதற்குரிய மரம்.

பனையின் உறுதி அதன் புறத்தே உள்ளது. ஏனைய மரங்களில் நடுவே வைரமும் வெளியே வெளிறும் இருக்க, பனையில் வெளிப்புறத்தே கருநிற வைரமும் நடுவே மென்மையான சோற்றியும் காணப்படும். அடிமரத்தில் வைரம் தடிப்பாகவும், மேலே செல்லச் செல்ல மெல்லியதாகவும் இருக்கும். எனவே அடியிலிருந்து ஏறக்குறைய மூன்றிலிரண்டு பங்கையே தளபாடத்துக்கு எடுத்து, நுனியைக் கழிக்க. வேண்டிய நீளத்துக்குத் துண்டித்தபின், கரி தோய்த்த நூலால் நீளவாக்கிற் கோடிட்டு, கோட்டின்மேல் வாய்ச்சியாற் சிறிது பள்ளஞ் செய்து, இரும்பு ஆப்புக்களை ஓரடிக்கு ஒன்றாக வைத்து மாறி மாறி அறைய வேண்டும். ஓர் ஆப்பையே முழுதும் இறக்கினால் நார் கோணலாய் ஓடிவிடும். கிழித்த துண்டுகளின் உட்புறச் சோற்றியை வைரம் தோன்றும்வரை செதுக்கிவிடுக. எஞ்சுவதே சலாகை.

சலாகையைக் கையாள்வோர் ஒன்றை நினைவிற் கொள்க. பனஞ்சிம்பு ஊசியினுங் கூரியது. கையில் ஏறினால் முறிந்து உள்ளே தங்கிச் சீழ்க்கட்டும். சாக்குத்துணியைக் கையிற் சுற்றிக்கொண்டு வேலை செய்க. ஒவ்வொரு விளிம்பையும் சீவுளியால் உருட்டி, பின் அரத்தாளால் நாரின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குழந்தைகள் அமரும் வாங்குக்கு இவ்வேலையைக் குறைத்தல் கூடாது.

கடலில் மரத்தை ஊறவைத்தல் நம் முன்னோர் வழக்கம். நீரில் ஊறும்போது மரத்திலுள்ள இனிப்பும் மாவும் கரைந்து வெளியேறுவதால், அவற்றை நாடிவரும் துளைப்புழுக்களுக்கு உணவு குறைகிறது. ஆயின் கடல்நீரில் ஊறிய மரத்தில் உப்பு தங்கும். அவ்வுப்பு மாரிக்காற்றின் ஈரத்தை இழுக்கும். இரும்பாணியை விரைவில் அரிக்கும். அதனால் இவ்வாறு ஊறவைப்போர் பின்னர் மழைநீரிற் சில நாள் நனையவிட்டு, நிழலில் உலர்த்துக. வெயிலிற் போட்டாற் பூவரசும் வேம்பும் வெடிக்கும். போராக்சும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைப்பதும் பயன்தரும்; ஆயினும் அம்மருந்து மழையிற் கழுவுண்டு போவதாகலின் வீட்டினுள் இருக்கும் பொருள்களுக்கே ஏற்றது.

இனி ஒரு வாங்கு செய்யும் முறையைக் கூறுவோம். ஐந்தடி நீளமும் மூன்று அங்குல அகலமும் ஒன்றேகால் அங்குலத் தடிப்புமுள்ள பனஞ்சலாகை நான்கு, இருக்கைக்கு வேண்டும். பதினான்கு அங்குல நீளமும், மூன்று அங்குல அகலமும், இரண்டரை அங்குலத் தடிப்புமுள்ள பூவரசங் கட்டைகள் இரண்டு, குறுக்குச் சட்டங்களாகும். கால்களுக்குப் பூவரசு அல்லது வேம்பின் கிளைகள் நான்கு, மணிக்கட்டுப் பருமனில், பதினெட்டு அங்குல நீளத்தில் எடுக்க. கிளை சற்று வளைந்திருப்பதாற் குறையொன்றுமில்லை. வளைவு வெளிப்புறம் நோக்கியிருக்குமாறு வைத்தால் வாங்கு இன்னும் உறுதியாய் நிற்கும்.

காலின் மேல்முனையை ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள கழுந்தாகச் செதுக்கி, சட்டத்தில் அதே அளவான துளை இடுக. துளையைச் சிறிது வெளிச்சாய்வாக இடுதல் வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு: காலை நன்றாக உலர்த்துக, சட்டத்தை முற்றும் உலரவிடாது, சிறிது பச்சையாகவே வைத்திருக்க. பொருத்தியபின் சட்டம் உலர்ந்து சுருங்குகையில் துளை இறுகிக் கழுந்தைப் பற்றிக்கொள்ளும். இதனை மாற்றிச் செய்வோரின் கதிரைகளே ஆறு மாதத்தில் ஆடத் தொடங்குகின்றன. கழுந்தின் தலையை வாளால் ஒரு பிளவு செய்து, மேலிருந்து பனை ஆப்பை இறக்குக. அப்பிளவு சட்டத்தின் நாருக்குக் குறுக்காக அமைய வேண்டும். நாரின் போக்கில் அமைந்தால் ஆப்பு சட்டத்தையே பிளந்துவிடும்.

கால்கள் ஏறியபின், ஒரு சட்டத்திலுள்ள இரு கால்களையும் நிலத்திலிருந்து ஐந்து அங்குல உயரத்தில் ஒரு குறுக்குத் தடியால் இணைக்க. அவ்விரு தடிகளின் நடுவையும் நீளத் தடியொன்று சேர்த்தல் வேண்டும். பின்னர் சலாகைகளைக் கறுத்த பக்கம் மேலிருக்கக் கால் அங்குல இடைவெளிவிட்டுப் பரப்பி, ஒவ்வொரு சட்டத்தின்மேலும் முளையடித்துப் பொருத்துக. பனையில் ஆணி நேரே இறங்காது, வளைந்துவிடும். ஆகவே துறப்பணத்தால் துளையிட்டு, உலர்ந்த வேப்ப முளையை இறக்குவதே நன்று. உப்புக்காற்று வீசும் தீவில் மரமுளை இரும்பினும் நெடுங்காலம் இருக்கும் என்பது எமது துணிபு. இறுதியாக வாங்கைச் சமதளத்தில் நிறுத்தி, பதினேழு அங்குல உயரம் அமையுமாறு நான்கு கால்களிலும் கோடிட்டு அறுக்க.

மண் தரையுள்ள வீட்டில் முதலில் வாங்கைவிட முக்காலியைச் செய்து பழகுவது எளிது. மூன்று காலுடையது எத்தரையிலும் ஆடாது. அதன் இருக்கையைப் பனை மட்டையின் புறநாரால் பின்னலாம். நாரை ஒருநாள் நீரில் ஊறவைத்து, ஈரமாகவே இழுத்துக் கட்டினால் உலரும்போது தானே இறுகும். நார்க்கட்டிலும் இதே முறையிலாவது. நெல்மூடையை ஈரத்தரையிலிருந்து உயர்த்திவைக்கும் தட்டும், வெங்காயப் பிடிகளைத் தொங்கவிடும் சட்டமும் இவ்விதமே செய்யத்தக்கன. காற்று கீழும் மேலும் புகுவதால் வெங்காயம் அழுகுவது குறையும். இவற்றிற்கு இழைப்பு வேலை வேண்டியதில்லை; நேரான தடிகளும் உறுதியான கட்டும் போதும்.

தளபாடங்களின் கால்களை வெறும் மண்ணில் நிறுத்தினாற் கறையான் ஏறும். வளவில் ஏற்கெனவே கிடக்கும் தட்டைக் கற்களைக் கீழே வைக்கலாம். இதற்கெனக் கடலிலிருந்து முருகைக்கல் எடுத்தல் சட்டவிரோதமாகும். காலின் அடிமுனையை வேப்பெண்ணெயில் இரண்டு நாள் நிறுத்திவைத்து, பின் ஆண்டுக்கொருமுறை பூசி வருக.

வேலை முடிந்தபின் செதுக்கி எறிந்த சோற்றியும் நுனித்துண்டுகளும் குவியலாய்க் கிடக்கும். வண்டு விரும்பித் தேடுவது இக்குவியலையே. அவற்றை வெயிலில் மெல்லப் பரப்பி உலர்த்தி அடுப்பில் எரிக்க; எருக்குழியிலும் மாட்டெருக் குவியலிலும் வெண்ணிறப் புழுக்கள் உளவா என்று கிளறிப் பார்த்துக் கோழிகளுக்கு இடுக. மரம் வீழ்ந்த இடத்தில், பனம்பழம் உதிரும் ஆவணி, புரட்டாதியில் நல்ல விதைகள் சிலவற்றைப் பத்தடிக்கு ஒன்றாய் ஊன்றி, அவற்றின் கிழங்கைக் கிண்டாமல் விட்டு, மாரி முடியும்வரை ஆடுமாடு மிதியாதபடி முள்ளடைத்துக் காக்க.