ஒரு மதில், எண்பது உரிமையாளர்

பிரான்சு நாட்டின் கிழக்கே பர்கண்டி என்னும் பகுதியில், திஜோன் நகருக்குத் தெற்கே, 'குளோ த வூஜோ' என்றொரு திராட்சைத் தோட்டம் உண்டு. 'குளோ' என்பதற்கு அடைப்புள்ள நிலம் என்று பொருள். சுற்றிலும் கல்மதில், உள்ளே ஏறத்தாழ 125 ஏக்கர் நிலம். மதுவைத் தீண்டாத குடும்பத்தாரும் அறியத்தக்கது இத்தோட்டத்தின் வரலாறு என்பதால் அதனை ஈண்டு எழுதுகிறோம்.

1098-இல் தோன்றிய சீத்தோ மடத்துத் துறவியர், 12-ஆம் நூற்றாண்டு முதல் இந்நிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தனர். தானமாக வந்ததும் உண்டு. விலைக்கு வாங்கியதும் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் மதில் எழுந்தது. 1551-இல் உள்ளே மாளிகை எழுந்தது. அவர்தம் மாபெரும் மரப் பிழிபொறிகளை இன்றும் அங்கே காணலாம்.

மதிலுக்குள் மண் ஒரே தன்மையதன்று. மேட்டில் சுண்ணாம்புக்கல் விரவிய மண். நீர் தங்காது வடிந்துவிடும். சாலையோரத் தாழ்நிலத்திலோ களிமண். மாரியில் ஈரம் தேங்கும். மேட்டுக் கனியின் சுவை தாழ்நிலக் கனிக்கு வருவது அரிது. தோட்டம் முழுவதும் ஒருவர் கையில் இருந்தவரை, ஒரு பகுதியின் குறையை மற்றொரு பகுதியின் நிறைவால் ஈடுசெய்ய இயன்றது.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. திருச்சபையின் சொத்துகள் நாட்டுடைமையாயின. 1791-இல் இத்தோட்டமும் விலைபோயிற்று. 1818-இல் அதனைப் பெற்ற ஊவ்ரார் குடும்பத்தார், 1889 வரை பிரிக்காமல் காத்தனர். அவ்வாண்டில் தோட்டம் துண்டுபட்டுப் பலரிடம் சென்றது. பின்னர்ப் பாகப்பிரிவினையாலும் மறுவிற்பனையாலும் துண்டுகள் மேலும் பெருகின. இன்று உரிமையாளர் ஏறத்தாழ எண்பதின்மர். சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே சொந்தம்!

இங்கு விளைவது 'பினோ நுவார்' என்னும் கருந்திராட்சை. கனியைத் தோலோடு புளிக்கவைத்து, ஓக் மரப் பீப்பாய்களில் மாதக்கணக்கில் வைத்துப் பதப்படுத்துவர். இளமையில் துவர்ப்பு மிகுந்த இச்செம்மது, பத்தாண்டளவு காத்திருந்தால் கனிந்து மென்மையுறும் என்பர்.

1937-இல் வகுத்த சட்டப்படி, மதிலுக்குட்பட்ட நிலம் முழுவதற்கும் பர்கண்டியின் மிக உயர்ந்த தகுதி கிடைத்தது. ஆகவே மேட்டு மதுவும் தாழ்நில மதுவும் ஒரே பெயரைத் தாங்குகின்றன. விலையோ மிக உயர்வு, தரமோ ஒருபடித்தன்று. அதனால் விவரமறிந்தோர் தோட்டத்தின் பெயரோடு நில்லாமல், மது செய்தவர் பெயரையும் தேடிப் படித்த பின்னரே வாங்குவர். தாழ்நிலத் துண்டே பெற்றிருந்தும், கொடியைக் கவாத்துச் செய்து, காய்ப்பைக் குறைத்து, பக்குவமறிந்து கொய்பவர் நற்பெயர் எடுக்கின்றனர். மேட்டு நிலம் பெற்றும் சோம்பியவரை மதில் காப்பாற்றுவதில்லை.

முன்னோர் ஈட்டிய பெயர் எண்பதின்மர்க்கும் பொது. அதற்குத் தக்கவராய் வாழ்வது அவரவர் உழைப்பு. பிறந்த மண்ணின் பெயரைச் சுமந்து அயலிடத்தில் வாழும் நம்மனோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.