பாட்டியின் பேச்சுக்குச் சிவப்பு மை வேண்டாம்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். வகுப்பில் நிறுத்தக்குறிப் பாடம் நடத்தும்போது பட்டியலில் தொடங்காதீர்கள். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று பிள்ளைகள் கடகடவென ஒப்பித்துவிடுவார்கள். கட்டுரை எழுதும்போது ஒன்றும் வராது. கரும்பலகையில் ‘தம்பி சாப்பிட்டான்’ என்று எழுதுங்கள். அதன் கீழே ‘தம்பி, சாப்பிட்டான்’. முதலாவதில் சாப்பிட்டது தம்பி. இரண்டாவதில் சாப்பிட்டது வேறு யாரோ. அதைத் தம்பியிடம் சொல்கிறோம். வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளின் குரலே வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

ஓலைச்சுவடியில் இந்தக் குறிகள் இல்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். வாக்கியம் முடிந்ததை வினைமுற்று சொன்னது, கேள்வியை ‘வந்தானா’வின் ஆகாரம் சொன்னது, மேற்கோளை ‘என்று’ சொன்னது. அச்சு வந்த பிறகுதான் குறிகள் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் உரைநடையில் அவற்றை முறையாகக் கையாண்டார்.

சரி, ‘என்று’ மட்டும் போதாதா? ‘கண்ணன் நான் வருவேன் என்றான்.’ வரப்போவது கண்ணனா, இதை எழுதுகிற நானா? கண்ணன், “நான் வருவேன்” என்றான் என எழுதினால் குழப்பம் இல்லை. பேசியவர் பேசியபடியே தருகிறேன் என்று மேற்கோள்குறி உறுதி கொடுக்கிறது.

அப்படியென்றால், பாட்டி, “ஏலே, எங்க போற?” என்றாள் என்று ஒரு பிள்ளை எழுதும்போது சிவப்பு மை எதற்கு? அந்தப் பாட்டியை ‘எங்கே செல்கிறாய்’ என்று பேசவைப்பதுதான் பொய். புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சை உரையாடலில் எழுதினார். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார்.

கதைசொல்லும் வரியிலும் தேர்வு விடையிலும் விண்ணப்பத்திலும் எழுத்துத் தமிழ் வேண்டும். அதைக் கண்டிப்பாகக் கற்றுக்கொடுங்கள். மேல்படிப்புக்கும் வேலைக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் ‘தப்பு’ என்று அடித்துவிடாமல், “இது பேச்சு. எழுத்தில் எப்படி வரும்?” என்று கேளுங்கள். பிள்ளைக்கு இரண்டும் கைவசமாகும்.

வகுப்பில் தடுக்கவேண்டிய பேச்சு வேறு. சாதியையோ நிறத்தையோ உடலையோ சொல்லி இன்னொரு பிள்ளையைச் சிறுமைப்படுத்துவது செந்தமிழில் வந்தாலும் கூடாது. வீட்டுப் பேச்சில் பதில் சொன்ன பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தால், திருத்தவேண்டியது அந்தச் சிரிப்பைத்தான்.